அலமாரிக் கதவும் பத்து நிமிடமும்

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தின் சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது. அதில் தொங்கும் சிறிய மஞ்சள் அட்டையில் "நம்ம ஆபீஸ்" என்று பாஸின் கையெழுத்து. எங்களிடம் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வீட்டின் சாவிக்கும் அவர்தான் அட்டை கட்டுவார். வீட்டு எண்ணை எழுத மாட்டார். "கிள்ளான் டீச்சர் வீடு", "டெங்கில் லோரிக்கார அண்ணன் வீடு" என்று அங்கே வாழ்ந்தவர்களைத்தான் எழுதுவார். இந்தச் சிறிய வீட்டுத் தரகு நிறுவனத்தைத் நடத்திவந்த அந்தப் பெண்மணி, என் பாஸ், இறந்து நாற்பது நாள் ஆகிறது. அலுவலகத்தை மூடுகிறோம்; இடத்தை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் சாவியை வாங்க இன்று வருகிறார்.

"ஷா ஆலம்ல பெரிய கம்பெனி கூப்பிடுது, நீ என்னடா இந்தப் பூக்கடை மாடி ஆபீஸ்லயே கெடக்குற?" என்று நண்பர்கள் கேட்காத நாளில்லை. ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவியை வாங்கும் நாளில், விற்றவரை அவருடைய வீட்டுக்கே அழைத்துப்போய், பத்து நிமிடம் உள்ளே தனியாக விட வேண்டும். "நீ வெளிய நில்லு. ஃபோன நோண்டாத. அவங்க அழுதா அழட்டும் லா," என்பார் பாஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் வெட்டி வேலை என்று எனக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் கிள்ளான் வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் மகளோடு இருந்தார். சாவி வாங்கும் நாளன்று சாலையில் ஒரே நெரிசல். பத்து நிமிடமாவது, மண்ணாங்கட்டியாவது என்று மகள் வீட்டு வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டேன். "ஒரு தடவ வீட்டப் பாத்துட்டு வந்துறலாமா தம்பி?" என்று கேட்டார். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் அங்கிள்," என்றேன். ஆனால் அன்றைக்கே சாவியை, வீட்டை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவருடன். "அடுப்படி அலமாரிக் கதவு ஒண்ண மட்டும் கழட்டிக்கிறேன்மா. கேஸ் மாத்துற தேதியெல்லாம் அவ உள்பக்கம் பென்சில்ல எழுதி வச்சிருக்கா," என்று பாஸிடம் சொன்னார். சாவியை நேற்றே கொடுத்துவிட்டதைச் சொன்னேன். மூவரும் காரில் பறந்தோம். சமையலறை வெறும் சுவராக நின்றது. வாங்கியவர் நேற்றே ஆள்விட்டு உடைத்த பலகைகளை ஏற்றிக்கொண்டு லோரி எப்போதோ போயிருந்தது. வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. அது அவர் வீடு.

பாஸ் பெரியவர் முன் கைகூப்பினார். "தப்பு என்னுது அங்கிள். நான்தான் பையன அவசரப்படுத்திட்டேன்."

அடப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்தேனா! "பரவால்லம்மா. அவ எழுத்த நான் மட்டும்தானே படிக்கப்போறேன்," என்றார் பெரியவர். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியில் பாஸ் என்னைத் திட்டவில்லை. அலுவலகத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நாளைக்கு ஒரு சாவி வாங்கணும். நீயே போ," என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வேறு எந்த நிறுவனமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம் நான் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

கட்டடக்காரர் வந்துவிட்டார். "ரெடியா தம்பி?" என்கிறார். "பத்து நிமிஷம் குடுங்க அண்ணே," என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். சுவரில் சாவி மாட்டும் ஆணிகள் வெறுமையாக இருக்கின்றன. மேசையில் அவருடைய மூக்குக் கண்ணாடி. "தப்பு என்னுது பாஸ்," என்று காலி நாற்காலியிடம் சொல்கிறேன். அழுகை நிற்கவில்லை.

வெளியே வந்து சாவியைக் கொடுக்கிறேன். அட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டேன்.