மூன்றாவது வெடிப்பு

நைனாவின் பேனாவை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் தொட்டதும் கீழே போட்டதும்தான் யாருக்கும் தெரியாது.

நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த நைனா, சாயங்காலங்களில் தெருக்காரர்களுக்குத் தெலுங்கில் அர்ஜி, மனு எழுதிக் கொடுப்பார். தாத்தா விட்டுப்போன தடித்த மைப்பேனாவில்தான் எழுதுவார். உடம்பு முழுக்க மையை நிரப்பிக்கொள்ளும் பழைய மாதிரி. அதன் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. எப்போதும் லேசாகக் கசியும். துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு எழுதுவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துப் புழக்கடையில் உட்கார்ந்து படம் வரைந்தேன். கை நழுவித் துவைக்கும் கல்லில் விழுந்தது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் எதிர்வீட்டுக்காரரின் பென்ஷன் அர்ஜி பாதியிலேயே நீலக் குளமானது.

அந்த வாரம் அம்மாவின் தம்பி வந்திருந்தார். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வேலை. சும்மா இருக்கும் நேரத்தில் கைக்கடிகாரம், பேனா என்று எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். "குடு மச்சான், நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

நிப்பைக் கழற்றி, அந்தப் பக்கம் வாயை வைத்து, மறுமுனையைச் சொம்புத் தண்ணீரில் அமிழ்த்தி ஊதினார். பஞ்சர் கடை ட்யூப் மாதிரி மூன்று இடங்களில் குமிழி வந்தது.

"இது ரெண்டும் பழசு பாப்பா, மை ஊறிப் போயிக்கீது. இது புதுசு. எங்கியோ வுழுந்துகீது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? அந்தச் சிரிப்பு எதற்கு? அன்றிலிருந்து நான் அவரை விட்டு நகரவில்லை. ஊசிமுனையில் நீர்த்த பசையைத் தொட்டு வெடிப்பில் வைப்பார். வெடிப்பு தானாகவே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒருநாள் காயவிட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு பற்பசை போட்டுத் தேய்த்தார். அம்மாவோடு அவர் தாழ்ந்த குரலில் பேசினால் சன்னலோரம் போய் நின்றேன். கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசினார்கள். அதைக்கூட நான் நம்பவில்லை.

"ரெண்டு நாளா என் பின்னாலயே சுத்திக்கினு கீறியே, இன்னா விஷயம்?" என்றார். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது. இவர் சொல்லத்தான் போகிறார். அதற்கு முன் இவர் பேச்சை யாரும் நம்பாதபடி செய்துவிட வேண்டும்.

பேனா புத்தம்புதுக் கறுப்பாக மின்னியது. அதில் தேய்ந்து கிடந்த தாத்தா பெயரின் முதலெழுத்து உப்புத்தாளில் போயே போய்விட்டது. நைனா தறியிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "நைனா, இது உன் பேனா இல்ல. மாமா மாத்திட்டாரு. தாத்தா எழுத்து எங்க, பாரு!"

நைனா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். "இன்னாடா இது?" என்று நைனா மெதுவாகத்தான் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார்.

"அதே பேனாதான் மச்சான். தேய்க்கிறப்போ எழுத்து போயிடுச்சு. கழட்டும்போது நான் அழுத்தித் திருகனதுல புதுசா ஒரு வெடிப்பும் வுட்டுச்சு. அதையும் ஒட்டிக்கீறேன். தப்பு என்னுதுதான்."

நைனா ஒரு வரி எழுதிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனாலும் மாமாவை நிமிர்ந்து பார்க்காமலே மூடி வைத்தார். ஞாயிறு வரை இருப்பதாக வந்த மாமா மறுநாள் காலையிலேயே திருப்பதி பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு நைனா எந்தப் பொருளையும் அவர் கையில் கொடுத்து நான் பார்க்கவில்லை.

அடுத்தமுறை மாமா வந்தபோது உற்சவக் கடையில் எனக்கு வளையல் வாங்கி வந்தார். எதற்கு இந்த வளையல் என்று யோசித்தேன். பேனா சங்கதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார், வேண்டிய நேரத்தில் வெளியே எடுப்பார் என்று, அவர் வரும்போதெல்லாம் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். சொல்லாமலே விட்டுவிடுவதற்காகவும் ஒருவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கலாம் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.