தாகம் எடுத்தால் என்ன செய்வாய்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் உளவியல் பயிற்சி மாணவி. பாகூர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வைக்கப் போயிருந்தோம். மதிப்பெண் குறைந்தால் ‘மந்தம்’ என்று எழுதித் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

காலனியிலிருந்து வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி என் முன்னால் உட்கார்ந்து பட்பட்டென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வழியில தாகம் எடுத்தா இன்னா செய்வ?”

“வூட்டுக்கு வந்து குடிப்பேன்க்கா.”

“பக்கத்துல எந்த வூட்லயும் கேக்க மாட்டியா?”

“ஊருக்குள்ள எங்களுக்குத் தர மாட்டாங்க. கேட்டா அம்மா அடிக்கும்.”

எங்களை அழைத்து வந்த பேராசிரியர் எட்டிப் பார்த்தார். “பக்கத்து வீட்ல கேட்பேன்னு சொன்னாத்தான் மார்க். சைபர் போடும்மா.”

எனக்கு எழுத மனம் வரவில்லை. நான் எந்தத் தெரு என்று அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த வயசுல நானும் இதையேதான் சொல்லியிருப்பேன் சார். நான் கரையாம்புத்தூர் காலனி.”

உடன் வந்த மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் மதிப்பெண் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

“பரீட்சையில இதே கேள்விக்குச் சரியா எழுதியிருந்தியேம்மா?”

“புக்குல இருந்தத எழுதினேன் சார்.”

அவர் முழு மார்க் போடச் சொன்னார். சிறுமி தன் வகுப்பிலேயே இருந்தாள்.

பிறகு பல வருடம் நானே கல்லூரியில் அறிவுச் சோதனைப் பாடத்தை நடத்தினேன். இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிப்பேன். ஆனாலும் தெரியாத ஊரில் தாகம் எடுத்தால் இன்றைக்கும் எந்த வீட்டு வாசலிலும் நான் நிற்பதில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிடுகிறேன்.