காணாமல் போன இருபத்துநாலு சதுர அடி

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடையின் பின்பக்கத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் நான் வீட்டு பிளான் வரைந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பெங்களூரில் கம்பி கட்டினேன். திருப்பதியில் ஓட்டலில் மேசை துடைத்தேன். சென்னையில் ஒரு கட்டட அலுவலகத்தில் டீ வாங்கிக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே படுத்துக்கொண்டு, அங்கிருந்தவர்கள் கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்து நானும் கோடு போடப் பழகினேன். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். உத்திரமேரூருக்கு ஏன் வந்தேன் என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்ல வரவில்லை. கடையில் முன்பு வரைந்துகொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். வந்தேன்.

வேலை கஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கிரயப் பத்திரத்தில் மனையின் நான்கு பக்க அளவும் எழுதியிருக்கும். அதை வைத்து ஒரு கட்டம் போட வேண்டும். தெருப் பக்கம் ஐந்தடி, மற்ற மூன்று பக்கமும் மூன்று மூன்றடி காலியாக விட்டுவிட்டு மிச்சத்தில் வீடு. செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர்த் தொட்டி எங்கே, வடக்கு எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரு இஞ்சினியர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஆன்லைனில் ஏற்றுவார். சின்ன வீடாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் அனுமதி வந்துவிடும். பெரும்பாலும் நான் மனையைப் போய்ப் பார்ப்பதுகூட இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் பெருநகர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நடவு, களையெடுப்புக்குப் போகிறவர். கணவர் நெல் அறுக்கும் மெஷினோடு ஊர் ஊராகப் போய்விடுவாராம். முந்தின வருட மழையில் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, மாதா கோயிலில் நாற்காலி அடுக்கி வைக்கிற அறையில் இருந்தார்.

“கிறிஸ்மஸுக்குள்ள அந்த ரூமை காலி பண்ணணும் தம்பி. குடில் சாமான், சீரியல் லைட்டு எல்லாம் அங்கதான் போட்டு வைப்பாங்க. சாமியாரு தங்கமான மனுசன், போன்னு சொல்ல மாட்டாரு. ஊர்க்காரங்க சொல்றாங்க.”

“இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்குதேக்கா.”

“சுவரை எழுப்பி மேல ஷீட்டு போட்டா போதும், பூந்துக்குவோம். ஆனா பிளான் பாஸாவாம ஒரு கல்லு வைக்க முடியாது. மீறிக் கட்டினா மனு போடுவேன்னு பக்கத்து கழனிக்காரரு சொல்லிக்கினு கீறாரு. அந்தாளு போட்டாருன்னா வேலை நின்னுடும்.”

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அக்காவின் அப்பா அந்தக் கழனிக்காரரின் அப்பாவிடம் வாங்கிய மனை. வடக்கிலும் தெற்கிலும் நாற்பதடி. கிழக்கிலும் மேற்கிலும் முப்பதடி. ஆயிரத்து இருநூறு சதுர அடி. இதைவிடச் சுலபமான மனை எனக்கு வந்ததில்லை. நேராக ஒரு கட்டம் போட்டு, உள்ளே முப்பத்துநாலுக்கு இருபத்திரண்டில் ஒரு வீடு வரைந்தேன். ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, கழிப்பறை. பெண்களுக்கு ஒரு தனி அறை வேண்டும் என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். அதைத் தனியாகவே போட்டேன்.

பட்டாவில் மட்டும் நூற்றொன்பது சதுர மீட்டர் என்று இருந்தது. அடியாக மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் குறைந்தது. அரசாங்கக் காகிதத்தில் அச்சுப் பிழை இருப்பது புதிதில்லை. பத்திரம்தான் சரி என்று முடிவு செய்துகொண்டேன். மனையின் போட்டோவைப் போனில் அனுப்பச் சொன்னேன். இடிந்த சுவரின் மண்மேட்டில் முள்செடியும் ஒரு ஆடும் தெரிந்தன. அனுமதி வந்துவிட்டது. அச்சடித்த தாளை அக்கா முதலில் மாதா காலடியில் வைத்துவிட்டுத்தான் மேஸ்திரியிடம் கொடுத்தாராம்.

நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

“தம்பி, கொஞ்சம் வா. இங்க பேஜாரா பூடுச்சி.”

பஸ் பிடித்துப் போனேன். தெற்கே தெரு, மேற்கே கழனி, கிழக்கே ஏரிக் கால்வாய். மேஸ்திரி நூல் கட்டியிருந்தார். தெருப் பக்கத்து முளைகள் இரண்டும் ஒழுங்காக நின்றன. பின்பக்கத்தில், வடமேற்கு மூலையில் அடித்த முளை வரப்பைத் தாண்டி நெற்பயிருக்குள் நின்றது. அதன் பக்கத்தில் கழனிக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும்.

“வாய்யா கம்ப்யூட்டரு. எம் பயிருல வூடு கட்டறதுக்கு நீதான் பர்மிசன் வாங்கி குடுத்தியா?”

“நான் பத்திரத்துல இருந்தபடிதான் போட்டேன் ஐயா.”

“நைனா, எல்லைக் கல்லை நவுத்திட்டு இப்ப தம்பியை கேட்டா?” என்றார் அக்கா அவரைப் பார்த்து.

“யாரும்மே நவுத்தினது? உன் ரெண்டடியில நெல்லு வெளைஞ்சி நான் மெத்தை வூடு கட்டப் போறனா? அளந்து பாரு. குறைஞ்சிதுன்னா நானே கல்லைப் பிடுங்கி எங்கழனிக்குள்ள நடறேன்.”

அளந்தோம். நான் ஒரு முனை, மேஸ்திரி மறுமுனை. வடக்கு நாற்பது. தெற்கு நாற்பது. கிழக்கு முப்பது. மேற்கு முப்பது. ஒரு அங்குலம்கூட யாரும் எடுக்கவில்லை. அக்கா நம்பவில்லை, டேப்பைத் தானே பிடித்து மறுபடி அளந்தார். அதே அளவுதான் வந்தது.

மனை சரி. வீட்டின் அளவும் சரி. சரியான மனைக்குள் சரியான வீடு எப்படி இரண்டரை அடி வெளியே போகும்? தாளைத் திருப்பிப் பார்த்தேன். வடக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று சூரியனைப் பார்த்தேன். வடக்கு வடக்கில்தான் இருந்தது.

“கிழக்கால தள்ளிக் கட்டு” என்றார் அக்கா.

மேஸ்திரி நூலைத் தள்ளினார். வடமேற்கு மூலை வரப்புக்கு உள்ளே வந்தது. தெருப் பக்கத்துத் தென்கிழக்கு மூலை, விட வேண்டிய மூன்றடியையும் தின்று, கால்வாய்க் கரையை ஒட்டிவிட்டது. மறுபடி மேற்கே தள்ளினார். மறுபடி நெல்.

“இன்னாய்யா, வூடு பல்லாங்குழி ஆடுது?” என்றார் கழனிக்காரர்.

மேஸ்திரி டேப்பை எடுத்து மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தார். ஐம்பத்துநாலரை. அடுத்த மூலைக்கு மூலை பிடித்தார். நாற்பத்தைந்து.

“முப்பதுக்கு நாப்பதுன்னா ரெண்டும் அம்பது அம்பது வரணும். மனை சாஞ்சிக்கினு கீது தம்பி. கால்வாய் போற மாதிரியே போவுது.”

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கால்வாய் வடகிழக்காகச் சாய்ந்து ஓடியது. வரப்பும் அப்படியே. அந்த வரிசையில் இருந்த வேலிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வந்து நின்ற நேரமெல்லாம் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

“ஏங்க்கா, மனை சாய்வா இருக்குன்னு சொல்லவே இல்லையே?”

“இதைப் போயி இன்னான்னு சொல்றது? இங்க எல்லா மனையும் இப்டித்தான் கீது. படம் போடறவனுக்கு தெரியாதா?”

கழனிக்காரர் சிரித்துவிட்டு, பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். “நான் கட்ட வேணாம்னு சொல்லலம்மே. ஆனா இந்தப் பேப்பரை வெச்சிக்கினு கட்டாதே. நாளைக்கு எம் பையன் கையில கழனி வரும்போது, பேப்பர்ல வூடு எம் நெல்லுல நிக்கும். வேற பேப்பர் வாங்கு. இல்லன்னா மனு போடறதுதான்.”

கடைக்குத் திரும்பி இஞ்சினியருக்குப் போன் செய்தேன். “அனுமதிதான் வந்துடுச்சே, கட்டச் சொல்லு. யார் வந்து பார்க்கப் போறாங்க?” என்றார். கழனிக்காரரைப் பற்றிச் சொன்னதும், “சரி, திருத்தி அனுப்பு. முதல்ல போட்டதை ரத்து பண்ணணும். நாளாகும்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் மூலைவிட்டம் என்று ஒரு சொல் கேட்ட ஞாபகம் இருந்தது. அதற்குமேல் எதுவும் ஞாபகம் இல்லை. கம்ப்யூட்டரில் மூலைக்கு மூலை அளவையும் கொடுத்து மனையை மறுபடி வரைந்தேன். பக்கங்கள் மாறவில்லை. ஆனால் பரப்பு ஆயிரத்து நூற்று எழுபத்தாறு என்று காட்டியது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அதே எண். பட்டாவை எடுத்துப் பார்த்தேன். நான் அச்சுப் பிழை என்று ஒதுக்கிய நூற்றொன்பது சதுர மீட்டரும் கிட்டத்தட்ட இதுதான்.

அக்கா மறுநாள் வேலை முடிந்த கையோடு வந்தார். காலில் சேறு காயவில்லை. சொன்னேன்.

“இருவத்துநாலு அடி குறையுதா? யாரு எடுத்தது?”

“யாரும் எடுக்கலக்கா.”

“நைனா?”

“அவரும் இல்ல. நாலு பக்கமும் சரியா இருக்குது. சாய்ஞ்சதுல உள்ள குறைஞ்சிடுச்சி.”

“யாருமே எடுக்கலன்னா எங்க பூடுச்சி? தண்ணியா, வத்திப் போவறதுக்கு?”

எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. மேசையில் கிடந்த தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை லேசாகச் சாய்த்துக் காட்டினேன். “பாருங்க, நாலு பக்கமும் அதேதான். உள்ள இருக்கற இடம் சுருங்குது இல்ல?” அவர் அதை வாங்கி இன்னும் அழுத்தினார். கூடு தட்டையாகிவிட்டது.

“அப்ப இன்னும் சாஞ்சிதுன்னா மனையே இருக்காதா?”

“இருக்காது.”

“நாலு பக்கமும் மட்டும் இருக்கும்.”

“ஆமா.”

அவர் தட்டையான கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். விளக்கியவன் நான்தான். ஆனாலும் அந்த இடம் எங்கே போனது என்று எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் விளங்கவில்லை.

இரண்டு விதமாக வரைந்து வைத்திருந்தேன். ஒன்றில் வீடு நேராக நின்றது. ஆனால் நாலடிக்கு மேல் அகலம் குறைந்து, படுக்கையறை ஒன்று காணாமல் போனது. மற்றொன்றில் பக்கச் சுவர்கள் இரண்டும் மனையோடு சேர்ந்து சாய்ந்தன. அறைகள் எல்லாம் இருந்தன, இரண்டு மூலைகள் மட்டும் கூராகிவிட்டன. மேஸ்திரிக்கு முதலாவதுதான் பிடித்தது. “கோணக் கட்டடம் கட்னா எவன் எனக்கு அடுத்த வேலை குடுப்பான்?” என்று போனில் கத்தினார்.

அக்கா போனை வாங்கிக்கொண்டார். “மேஸ்திரி, மனையே கோணையா கீது. வூடு மட்டும் நேரா நின்னு யாருக்கு காட்டணும்? பொண்ணுங்க ரூமு போச்சுன்னா எனுக்கு அந்த வூடே வேணாம். நூலைக் கட்டற வழியைப் பாரு.”

இரண்டாவதை அனுப்பினோம். ஒரு தடவை திரும்பி வந்தது. பத்திரத்தில் ஆயிரத்து இருநூறு, வரைபடத்தில் குறைவு, ஏன் என்று கேட்டிருந்தார்கள். இஞ்சினியர் பட்டாவை இணைத்து ஏதோ எழுதினார். மேற்கு எல்லைக்காரர் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் பின்னால் தொல்லை இல்லை என்றார். கழனிக்காரரிடம் போய்க் கேட்க எனக்குத் தயக்கம். அக்கா கேட்டிருக்கிறார். ஒரு மத்தியானம் கழனிக்காரர் குடையோடு கடைக்கே வந்துவிட்டார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மூலைக்கு மூலை போட்டியா?”

“போட்டிருக்கேன் ஐயா. ரெண்டும்.”

“இதுல எம் வரப்பு எது?”

காட்டினேன். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “எங்கப்பன் இந்த மனையை விக்கும்போது நான் சின்னப் பையன். எழுதினவன் நாலு பக்கம் அளந்துட்டு கள்ளு குடிக்கப் பூட்டான்” என்றார்.

அனுமதி டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வந்தது. அதற்கு முன்பே குடில் சாமான் வந்துவிட்டதால் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மனையிலேயே தார்ப்பாய் கட்டி, கீழே செங்கல் பரப்பி, மேலே பலகை போட்டு இருந்தார்கள். மழை நிற்கவில்லை. சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து தெளிந்தது. என் தவறால் போன நாட்கள்தான் அவை. நான் ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். “ஏற்கெனவே ஒன்னு கீதே” என்று சொல்லிவிட்டு அதையும் மேலே போட்டார்.

பொங்கல் கழிந்து நான் கடையை விட்டுவிட்டேன். ஓசூரில் ஏதோ வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகிற வழியில் பெருநகரில் இறங்கினேன். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. கணவர் வந்திருந்தார், செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் தங்கள் அறையில் கோணி விரித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கூரை இல்லாத அறையின் வாசலில் ஒரு துணி தொங்கியது. கதவு இன்னும் வரவில்லை.

அக்கா சமையலறையில் நின்றார். அந்த அறையின் பின்மூலைதான் கூராக இருந்தது.

“தம்பி, இந்த மூலையில இன்னா வைக்கறது?”

“சிலிண்டர் வைக்கலாம்.”

“சிலிண்டரு உருண்டை. உள்ள போவாது. பின்னால எடம் நிக்கும்.”

“அலமாரி?”

“அலமாரி சதுரம்.”

வரையும்போது அந்த மூலைக்குள் நான் எதையும் வைத்துப் பார்த்திருக்கவில்லை. அவர் மூலைக்குள் போய், சுவர்கள் இரண்டிலும் தோள் படும்படி நின்று பார்த்தார்.

“சரி, நீ போ. பஸ்ஸு வந்துடும். நான் பாத்துக்கறேன்.”