ஒல்லித் தம்பி மனைவியின் வெள்ளைப் படம்

மார்பகப் படம் எடுக்கும் இடத்தில் ஆயா வேலை என்றால், கூச்சப்படும் பெண்களைப் பேச்சுக் கொடுத்தே கவுன் மாட்ட வைக்க வேண்டும். எனக்கோ பேச்சே வராது. அஸ்தம்பட்டி ஸ்கேன் சென்டரில் என் பாடு இது. ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் உங்களுக்குப் புரியும்.

பவுடர்

திருச்செங்கோட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல பருமன். துணைக்கு ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் தம்பி மனைவி, ஒல்லி; நாத்தனாரை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவார். வந்ததோடு அவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு.

தாலியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். அதில் கோத்த ஊக்குகளை மட்டும் எண்ணி வாங்கி வைப்பேன். அக்குளில் பவுடர் கூடாது. படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து டாக்டரைக் குழப்பும். பெரியவரான அந்த அம்மா அப்பி வந்திருந்தார். ஈரத்துணியால் துடைத்தேன்.

"டாக்டரு முன்னாடி வேர்வை நாத்தத்தோட நிக்கச் சொல்றீங்களாக்கும்?"

சுகர்

டாக்டரம்மா எடை, பிரஷர், சுகர் எல்லாம் விசாரிப்பார். பெரியவருக்கு மூன்றும் அதிகம். சின்னவருக்கு ஒன்றுமில்லை. பெரியவர் சின்னவரின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ பயப்படாத சாமி, வாரதெல்லாம் எனக்குத்தான் வரும்."

வெள்ளை

பெரியவரின் படம் பெரும்பாலும் கறுப்பு. கொழுப்பு அப்படித்தான் தெரியுமாம். கட்டி எதுவும் இல்லை. சின்னவரின் படம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொழுப்பு குறைந்து சதை அடர்த்தியாக இருந்தால் படம் வெளுக்கும், ஒல்லியானவர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டரம்மா. "கட்டியும் வெள்ளையாத்தாம்மா தெரியும். வெள்ளை நூல்ல வெள்ளை முடிச்சைத் தேடற மாதிரி. அல்ட்ராசவுண்டும் பார்த்துடலாம்."

சின்னவர் உடைமாற்றும் அறைக்கு விரைந்தார். சர்க்கரை இல்லாத உடம்புக்கு இன்னொரு ஸ்கேன் எதற்கு, தறி நிற்கிறது என்றார். ரவிக்கையை என்னிடம் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது.

"எடது பக்கம் என்னமோ உருளுதுங்கக்கா, நங்கைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

ரவிக்கை

யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கையையும் கொடுக்கவில்லை. மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குள் பெரியவர் கவுனோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த உடம்பைத் தாண்டி யாரும் போக முடியாது.

"எங்க போற புள்ள? என்ன தனியா உட்டுப்போட்டுப் போவியா?"

நீர்

அல்ட்ராசவுண்ட் பார்த்ததில், இடது பக்கம் உருண்டது வெறும் நீர்க்கட்டி. பயமில்லை, சொல்லும்போது வந்து பார்த்துக்கொண்டால் போதும். பெரியவருக்குத்தான் உபதேசம்: படம் தெளிவாக இருந்ததால் தப்பித்தோம் என்று இருக்கக் கூடாது, இந்த வயதில் எடையும் சர்க்கரையும் மார்புக்கும் ஆகாது, குறைக்க வேண்டும். பெரியவர் முகம் தொங்கிப்போனது. அழுது முடித்திருந்த சின்னவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இனி உங்க ஊட்டுக்கு வந்தா டீ நாந்தான் போடுவேனுங்க நங்கை, சக்கர டப்பாவ எங்கிட்டக் குடுத்துருங்க."

உடம்பை வெளியே பார்த்தே உள்ளதைச் சொல்லிவிட முடியுமென்றால் ஸ்கேன் சென்டரே வேண்டாமே; அப்புறம் பேச்சு வராத என்னைச் சம்பளம் கொடுத்து யார் வைத்துக்கொள்வார்கள்?