பட்டம் பெறாத எங்கள் துறவி அண்ணன்

அண்ணன் இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்தச் சிறப்பு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலர் இன்னும் அவரை "ஃபாதர்" என்றுதான் சொல்கிறீர்கள். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா ஒரு பள்ளியில் ஆயா வேலை பார்த்து எங்கள் இருவரையும் வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன், பிச்சையேற்று வாழும் துறவிகளின் சபையில் சேர்ந்தார். பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, அதில் ஏழ்மைக்கும் கற்புக்கும் கீழ்ப்படிதலுக்குமாக மூன்று முடிச்சு. "ஊரு ஆம்பளைங்க பொண்ணு கழுத்துல மூணு முடிச்சு போடுவானுங்க. எம்புள்ள தன் இடுப்புலயே போட்டுக்கினான்" என்று அம்மா சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

இந்த மூன்றையும் ஆயுளுக்கும் காப்பேன் என்று அண்ணன் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்த நாளை அம்மா குருப்பட்டம் என்றே நினைத்துவிட்டார். தியாகராய நகர் போய்ப் பட்டுச்சேலை எடுத்தார். சந்தே திரண்டு வந்தது. பூசை முடிந்ததும், புதுக் குருவின் உள்ளங்கையை முத்தமிடும் வழக்கப்படி அம்மா அண்ணன்முன் முழந்தாளிட்டார். அண்ணன் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"எம்மா, நான் சாமியாரு இல்லம்மா, பிரதரு. கடைசி வரிக்கும் பிரதருதான்."

அந்தச் சபையில் பூசை வைக்கும் குருக்களும் உண்டு, பூசை வைக்காத சகோதரர்களும் உண்டு. அண்ணன் விரும்பிக் கேட்டது இரண்டாவதை. அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். பிறகு மடத்துப் பக்கமே போகவில்லை.

மடத்தில் அண்ணனுக்குச் சமையற்கட்டு வேலை. மதியம் வாசலுக்கு வருவோருக்குச் சோறு போட, மார்க்கெட்டில் கோணிப்பையோடு கடை கடையாகக் காய் கேட்டு வாங்குவார். பிள்ளை பிச்சையெடுக்கிறான் என்று யாரோ அம்மா காதில் போட்டுவிட்டார்கள். அங்கியைக் கழற்றி வீட்டுக்கு இழுத்து வருவது என்ற முடிவோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

போனால், ஒரு காய்க்காரம்மா அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் வராததால் எடுத்து வைத்த கத்திரிக்காய் வாடிப்போனதாம். திட்டிக்கொண்டே பையை நிரப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகன் குடித்துவிட்டுத் தன்னை அடித்ததைச் சொல்லி அழுதார். அண்ணன் அசையாமல் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னது இது:

"பெரியவங்ககிட்ட சொல்லக் கூச்சமா கீது நைனா. நீ எம்முன்னாடி கையேந்தி நிக்கிறவன். உங்கிட்ட இன்னா வெக்கம்?"

கொடுக்க வருகிறவர்முன் திறக்காத மனசு, கேட்க வருகிறவர்முன் திறக்கிறதே! அம்மா போய்க் கோணிப்பையின் ஒரு முனையைப் பிடித்தார். "நட," என்றார்.

இருதய நோயில் அண்ணன் படுத்திருந்த மாதங்களில் முறைவைத்துப் பக்கத்தில் இருந்த மடத்துச் சகோதரர்களுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு அடக்கத்துக்கு வந்த மார்க்கெட் மக்களுக்கும் எங்கள் நன்றி.

அடக்கம் முடிந்த சில நாளில் அம்மா மடத்தில் ஒரு கோணிப்பை கேட்டு வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். அதே காய்க்காரம்மா முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எனக்குக் கேக்க வர்லமா. நீயா பாத்துப் போடு."

அன்று போட்ட கைக்கும், இன்றுவரை போட்டுவரும் கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அன்புத் தங்கை