கீழ்வீட்டுச் சூடு

காலையில் கோப்பி போட வெறுங்காலோடு அடுப்படிக்குப் போனபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. அறை நல்ல இளஞ்சூடாக இருந்தது. ரேடியேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பலகைத் தரை மட்டும் சில்லென்று பாதத்தில் ஏறியது. இரண்டு குளிர்காலம் இதே தரையில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் இப்படிக் குளிர்ந்ததில்லை. கேத்திலைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பிழை நான் பூட்டிய மெஷினில் இல்லை. கீழ்வீடு குளிர்ந்து போயிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் துள்ளியே விட்டேன். அதன் பொருள் என்னவென்று உறைத்தது அதற்குப் பிறகுதான்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் எங்கள் ரேடியேட்டர்களின் பழைய திருகுகளைக் கழற்றிவிட்டு, தொலைபேசியோடு பேசும் தெர்மோஸ்டாட்களைப் பூட்டியவள் நான்தான். இயந்திரவியல் படிக்கிறேன், வீட்டில் எதையாவது கழற்றாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அம்மா ஒரு சிறுவர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறா. விடிய முன்னரே புறப்பட வேண்டும். அவ எழும்பும்போது வீடு சூடாக இருக்கட்டும் என்று, காலை ஆறு மணிக்கு இருபத்தொரு பாகை என்று நேரம் போட்டு வைத்தேன்.

ஆறு மணிக்குப் போட்டது ஐந்தரைக்கே தொடங்கியது. கார்த்திகை பிறக்க ஐந்து மணியானது. பிறகு நாலரை. வால்வுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் திறக்கும்போது கிர்ரென்று ஒரு சத்தம் போடும். அது முதலில் எழுப்புவது அப்பாவை.

“பிள்ளை, உன்ர மெஷினுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாது. ஆறு எண்டு சொன்னா நாலரைக்கு எழும்புது.”

“உங்களைவிடப் பரவாயில்லை,” என்றா அம்மா. “நீங்கள் ஆறு எண்டு சொல்லிப்போட்டு எட்டுக்கெல்லோ எழும்புறியள்.”

“குளிர்காலத்துக்கெண்டு ஒரு மணித்தியாலம் நேரம் மாத்தினாங்கள் எல்லே, அதிலதான் உது குழம்பிப் போச்சு.”

“அப்பா, அது நேரத்தை இன்ரநெட்டில இருந்து எடுக்குது. குழம்பாது.”

“அப்ப இன்ரநெட்டுக்குத்தான் விசர்.”

நான் விடவில்லை. ஆறு மணி என்பது தொடங்கும் நேரமல்ல, சூடாகி முடிந்திருக்க வேண்டிய நேரம் என்று விளக்கினேன். “ஆறு மணிக்குச் சோறு வேணுமெண்டா ஆறு மணிக்கே உலை வைப்பியள்?”

“அவர் உலை வைச்சிருந்தாத்தானே தெரியும்,” என்றா அம்மா. அப்பா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சொன்னது சரிதான். அறை சூடாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அந்தத் தெர்மோஸ்டாட் ஒவ்வொரு நாளும் கவனிக்கும். நேற்றுப் பிந்திவிட்டதென்றால் இன்றைக்கு முந்தித் தொடங்கும். ஆனால் எதற்காக நாளுக்கு நாள் கூட நேரம் எடுக்கிறது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. வெளிக் குளிர் காரணமாக இருக்க முடியாது. அந்தக் கிழமைகளில் எங்கள் நகரமான வுப்பர்டாலில் மழைதான், தொங்கு ரயிலுக்குக் காத்து நிற்கும்போது கையுறை போடக்கூடத் தேவையில்லை. ஜன்னல் விளிம்புகளில் காற்று வருகிறதா என்று மெழுகுதிரி பிடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரில் சிக்கிய காற்றைத் திறந்துவிட்டேன்; சுவரெல்லாம் கறுப்புத் தண்ணீர் தெறித்ததுதான் மிச்சம், அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன். கீழே பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கீழ்வீட்டில் தனியாக இருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். குளிர் என்றால் அவருக்குப் பேய் மாதிரி. எல்லா ரேடியேட்டரையும் ஆகக் கூடிய எண்ணான ஐந்தில் திருகி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு திரிவார். ஜன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தார். அதற்குக் குளிர்கிறது என்று அதன் தலையில் தன் பழைய கழுத்துத்துணியைப் போர்த்திவிட்டிருப்பதை ஒருமுறை படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

எனக்கு என்று எழுதுகிறேன். வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அவர் ‘கீழ்வீட்டுத் தம்பி’. சம்பலோ ரொட்டியோ கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிற நல்ல பிள்ளை. எனக்கு அவர் சனிக்கிழமைகளில் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்குப் பக்கத்தில், உதறாத சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று கேட்டவர்.

“நீங்க ஓம்னு சொல்றப்போ ஏதோ மந்திரம் ஓதுற மாதிரியே இருக்குங்க.”

“நீங்கள் ஆமா எண்டேக்க ஆரோ மாமாவைக் கூப்பிடுற மாதிரித்தான் கிடக்கு.”

இப்படித்தான் தொடங்கியது. பிறகு தோய்க்க உடுப்பு இல்லாத சனிக்கிழமைகளிலும் நான் கூடையோடு படியிறங்கினேன்.

ஐப்பசியில் அவருடைய அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்று ஊருக்குப் புறப்பட்டார். மூன்று வாரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். வந்ததும் என் அப்பாவோடு பேசுவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சை அப்பாவோடு எப்படித் தொடங்குவது என்று நிலவறையில் நின்று ஒத்திகைகூடப் பார்த்தோம். நான்தான் அப்பாவாக நடித்தேன், கையைக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து. அவர் சிரித்துச் சிரித்து ஒரு வசனமும் முடிக்கவில்லை.

“ஹீட்டர ஆஃப் பண்ணல, ரெண்டுல வெச்சிருக்கேன்,” என்றார் புறப்படும்போது. “இல்லேன்னா என் கறிவேப்பில செத்துடும்.” கதவுத் திறப்பைத் தன் அலுவலக நண்பரிடம் கொடுத்தார், கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற. என்னிடம் தந்தால் வீட்டில் கேள்வி வரும்.

மூன்று வாரம் கடந்தது. தன் அப்பாவுக்கு இன்னும் சரியாகவில்லை என்றார். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன் என்றார். ஒரே அலைச்சல் என்றார். நான் எல்லாவற்றையும் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஆனால் இரண்டில் எரிகிற ஒரு வீட்டின் மேல் தரை இப்படிச் சில்லிடாது. எங்களுடையது பழைய கட்டடம். இரண்டு தளங்களுக்கு நடுவில் மரச்சட்டங்களும் மண்ணும்தான். கீழே எரிவது மேலே வரும். கேத்தில் கொதித்து அணைந்த பிறகும் நான் அங்கேயே நின்று அவருக்காகக் காரணங்கள் தேடினேன். ரேடியேட்டர் பழுதாகியிருக்கலாம். நண்பர் தெரியாமல் திருகியிருக்கலாம். அப்படியென்றால் கன்று வாடிவிடுமே, யாராவது சொல்ல வேண்டுமே. கீழே போய்க் கதவைத் தட்ட நல்ல சாட்டு.

காலையில் யாருமில்லை. பின்னேரம் நான் வகுப்பு முடிந்து வந்தபோது கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து, உள்ளே மழைக் காற்று. அவருடைய நண்பர் தரையில் முழங்காலில் இருந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க மேல் வீட்டுப் பொண்ணுதானே? நல்லவேளை வந்தீங்க,” என்றார். “இந்தச் செடிய உங்க அம்மாகிட்ட குடுக்கச் சொன்னான். ஆன்ட்டி நல்லா பாத்துப்பாங்கன்னு.”

“ஏன், அவர் வரேல்லையோ?”

“உங்களுக்குத் தெரியாதா? ரிசைன் பண்ணிட்டான்ங்க. அங்கேயே வேலை கிடைச்சிடுச்சு. நிச்சயமும் முடிஞ்சிடுச்சு, தை மாசம் கல்யாணம். அவங்க அப்பா இருக்கிற நிலைமைல சீக்கிரம் முடிக்கணும்னு சொல்லிட்டாங்களாம்.”

நான் கேட்டது என்ன தெரியுமா? ஹைட்சுங்கை, வீட்டுச் சூடாக்கியை, எப்போது நிற்பாட்டினீர்கள் என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அது போன மாசமே. அவன்தான் மெசேஜ் பண்ணான். யாரும் இல்லாத வீட்டுக்கு எதுக்கு, ஆஃப் பண்ணிடுன்னு.”

போன மாதம். எங்கள் மெஷின் முந்தத் தொடங்கிய அதே நாட்கள். அந்த நாட்களில்தான் எனக்கு, ‘வந்துடுவேன், அங்க ரொம்பக் குளிருமே, தொப்பி போட்டுக்கோ’ என்று எழுதியிருந்தார். அந்த வசனத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொப்பி போடச் சொன்ன கையால்தான் நண்பருக்கும் எழுதியிருக்கிறார்.

கன்றில் மூன்று நான்கு இலைதான் மிஞ்சியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியே, எவ்வளவு நல்ல பெடியன். போற நேரத்திலயும் என்னை நினைச்சிருக்கிறான்.” எனக்கென்று ஏதாவது சொல்லிவிட்டாரா என்று நான் நண்பரிடம் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மெஷினின் மர்மத்தை அப்பாவுக்கு விளக்கினேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. மரச்சட்டம், கீழ்வீடு, ஐந்தில் எரிந்த ரேடியேட்டர்கள் என்று ஒன்றுவிடாமல், மேசையில் கரண்டிகளை அடுக்கிக் காட்டிச் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கையோடு சிரித்தார்.

“அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் அவன்ர சூட்டிலயே இருந்தனாங்கள்?”

“ஓம் அப்பா.”

“அவன் இப்ப எங்கை?”

“ஊரோட நிண்டிட்டாராம். கலியாணமாம்.”

“நல்லது, நல்லது. அப்ப வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் எழுது பிள்ளை. கீழ ஆரும் குடிவரும் மட்டும் கொஞ்சமெண்டாலும் எரிய விடச் சொல்லி. இல்லாட்டி உந்த முந்தித் தொடங்கிற விளையாட்டையாவது நிப்பாட்டு. எனக்கு நித்திரை இல்லை.”

அந்த வசதியை ஒரு விரல் தட்டில் நிற்பாட்டலாம். நான் நிற்பாட்டவில்லை. அது கணக்குப் பார்த்துத்தான் முந்துகிறது, நிற்பாட்டினால் அம்மா குளிரில்தான் எழும்ப வேண்டிவரும் என்று அப்பாவிடம் வாதாடினேன். குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

“உனக்கென்ன, முகமெல்லாம் சிவந்து கிடக்கு?”

“தடிமன். மூக்கும் அடைச்சுக் கிடக்கு.”

“தடிமனுக்குக் கண்ணும் வீங்குமே?”

நான் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன்.

அதன் பிறகு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஏதாவது ஒரு சாக்கில் உள்ளே வருகிறா. தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகிறா. நேற்று மடித்த உடுப்புகளை மறுபடியும் மடித்தா. கேட்பதற்கு அவவுக்கும் பயம் போல. அவருக்கு எழுதிப் பார்த்தேன், அனுப்பவில்லை. வருவதில்லை என்று எப்போது முடிவெடுத்தீர்கள், அவரிடம் கேட்க இனி அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது. அதற்கான பதிலைத்தான் அந்த நண்பர் கட்டிலைக் கழற்றியபடியே சொல்லிவிட்டார். இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு இதே வீட்டில், இதே மேசையில், தடிமன் தடிமன் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் கூட்டாளி ஒருவர் வீடு மாறுவதற்கு உதவப் போகிறார். பின்னேரம்வரை நானும் அம்மாவும்தான். அன்றைக்குச் சொல்லப் பார்க்கப்போகிறேன். எங்கே தொடங்குவதென்றுதான் தெரியவில்லை. கீழ்வீட்டுத் தம்பி என்று நான் சொல்ல ஏலாது. அந்தப் பெடியன் என்றும் ஏலாது. இந்த இரண்டு வருடத்தில் அம்மாவுக்கு முன்னால் அவரைக் குறிப்பிட எனக்கென்று ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. வெங்காயம் உரிக்கிற சாட்டில் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, அவர் என்று மட்டும் சொல்லித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஆர் என்று அம்மா கேட்கட்டும்.