அத்தை இறக்கிய வண்டி

என் அத்தை குள்ளம். மாமா நெடுநெடுவென்று வளர்ந்தவர். இருவரும் சேர்ந்து நடந்தால் எங்கள் தீவின் மாயாபந்தர் பஜாரில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு மாமா ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபோதே அது உயரம்தான். மாமாவுக்குப் போதவில்லை. பட்டறையில் விட்டு, பின் அச்சுக்கு மேல் இரும்புக் கட்டைகள் வைத்து, ஸ்பிரிங்கில் பட்டைகளைக் கூட்டி, முன்பக்கத்தையும் முறுக்கி இன்னும் தூக்கிவிட்டார். குவாரிப் பாதையில் ஓடைகளைத் தாண்ட வேண்டும் என்று காரணம் சொன்னார். அவர் குவாரிக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. பஜார் வழியாக மிக மெதுவாகப் போனதுதான் நினைவிருக்கிறது.

அத்தையால் அந்த வண்டியில் தானாக ஏற முடியாது. மாமா இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார். படகுத்துறையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனார். சென்னையில் ஏதோ கான்ட்ராக்ட், ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு மழைக்காலம் முழுக்கப் பெய்து ஓய்ந்தது. மாமா வரவில்லை. முதலில் தினமும் வந்த போன் பிறகு வாரம் ஒன்றாகி, பிறகு அத்தை கூப்பிட்டால் மட்டும் என்றானது. வண்டி எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

கிராமங்களிலிருந்து வாழைத்தாரும் காய்கறியும் தேங்காயும் ஏற்றிவந்து பஜாரில் இறக்குவதுதான் அந்த வண்டியின் பிழைப்பு. அத்தையின் பிழைப்பும் அதுவே. இரண்டு டிரைவர்களை வைத்துப் பார்த்தாள். ஒருவன் வண்டியை மரத்தில் கொண்டுபோய் மோதினான். இன்னொருவன் டீசலைக் குடித்தானா விற்றானா தெரியாது, டேங்க் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. அவனையும் அனுப்பிய பிறகு அத்தை ஒருவரையும் தேடவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் சின்ன வேனில் ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

முதன்முதலாகப் பிக்கப்பை எடுத்த அன்று நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஒரு மர முக்காலியைப் போட்டு ஏறினாள். இருக்கையை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை. வண்டி கிளம்பி இரண்டு கஜம்கூடப் போயிருக்காது, வெளியே ஒரு பெண் வீறிட்டாள். அத்தை பிரேக்கை மிதித்த வேகத்தில் நான் முன்னால் போய் இடித்துக்கொண்டேன். எதிரே ஒன்றுமே தெரியவில்லை. பானெட்டும் அதற்கு மேலே வானமும்தான் தெரிந்தன.

இறங்கிப் பார்த்தோம். முன் பம்பருக்கு நேர் கீழே, பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தின் குழந்தை உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்து ஒரு கல்லை நீட்டியது. அத்தை அதைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தாள். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். "அண்ணே, வண்டிய இறக்கிரலாம்னு இருக்கேன்."

"எங்க இறக்க?"

"கீழதான். உயரத்தக் கொறைக்கப் போறேன்."

அப்பா சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவர். எதையும் உரியவரிடம் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்று நம்புகிறவர். "மாப்பிள்ள ஆசையாத் தூக்கி வச்ச வண்டி. அவர் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவ? ஏறத்தான் முடியலன்னா சைடுல ஒரு படி வச்சுக்க."

"ஏறுறதுக்குப் படி வைக்கலாம். பாக்குறதுக்கு எங்கண்ணே படி வைக்க?"

அப்பா, "கேட்டுட்டுச் செய்யி. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று முடித்துவிட்டார்.

பள்ளிக்கு விடுமுறைக் காலம். மறுநாள் பட்டறைக்கு நானும் போனேன். அத்தை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தே ஓட்டினாள். வழியில் குழந்தைகள் இருக்கும் இடமெல்லாம் நான் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தேன். அந்த உத்தியோகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பட்டறை மெக்கானிக்கை எல்லோரும் மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தெலுங்குக்காரர். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் எங்கள் பேச்சு அவருக்கு நன்றாகவே புரியும். பேசும்போது பாதி இந்தியில் வரும்; மாமா அவருக்கு பாய், அதாவது அண்ணன், அத்தை பாபி, அண்ணி. மாமாவுக்கு வண்டியைத் தூக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அத்தை சொன்னதைக் கேட்டதும் 'ஐயோ, வேண்டாம்' என்பதுபோல் காதைப் பிடித்துக்கொண்டார்.

"நஹி பாபி. நான் தூக்கினது, நானே இறக்கினா பாய் என்னைய சும்மா விடுவாரா? அவர் வரட்டும். பாத்துக்கலாம்."

"ஓட்டுறது நானு."

"அது டீக் ஹை, சரிதான். ஆனா வண்டி அவரோடது இல்லியா?"

அத்தை பட்டறை வாசலில் கிடந்த பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்தாள். மிஸ்திரி வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது அத்தை அப்படியே இருந்தாள். ஒரு ஜீப்புக்கு ஆயில் மாற்றினார். அத்தை இருந்தாள். மழை ஒரு பாட்டம் அடித்து விட்டது. டயரைக் கொஞ்சம் உள்ளே உருட்டிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். மிஸ்திரியின் கையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களே டீ வாங்கி வந்தபோது எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தார்கள். அத்தை டீயைக் குடித்தாள், எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மிஸ்திரி வந்து எதிரே குந்தினார். "பாபி, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பாய்க்கு ஒரு போன் போடுங்க. அவர் வாயால சரின்னு சொல்லட்டும். இப்பவே ஜாக்கி போடுறேன்."

அத்தை போனை எடுத்து எண்ணை அழுத்தி அவரிடமே நீட்டினாள். "நீயே பேசு மிஸ்திரி."

அவர் கையெல்லாம் கிரீஸ். அதனால் அத்தையே ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது மாமா இல்லை. ஒரு பெண் குரல்.

"ஹலோ, அவரு குளிச்சிட்டிருக்காரு. நீங்க யாரு?"

மிஸ்திரி போனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"ஹலோ? யாருங்க?" பிறகு அந்தக் குரல் தள்ளிப்போய் யாரையோ கூப்பிட்டது. "ஏங்க, உங்களுக்குத்தான் போனு. ஆளு பேச மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

அத்தை போனைத் தன் பக்கம் திருப்பினாள். "அவசரமில்லம்மா. ஒரு வண்டி விஷயம். நிதானமாக் குளிக்கட்டும்" என்று சொல்லி அணைத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கறிகாய்க்காரரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

மிஸ்திரி எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் ஜாக்கியை உருட்டி வந்தார். சிரித்துக்கொண்டிருந்த கையாட்களை ஒரு அதட்டுப் போட்டார். மாமா சம்மதித்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். குளிக்கிறவர் எப்படிச் சம்மதித்தார் என்ற கேள்வி எனக்கு எழவில்லை.

பின் சக்கரங்களைக் கழற்றி, இரும்புக் கட்டைகளைத் தட்டி எடுத்தார்கள். கூடுதலாகச் சொருகிய பட்டைகள் வெளியே வந்தன. முன்பக்கம் முறுக்கி வைத்திருந்ததைத் தளர்த்தினார்கள். ஜாக்கியை இறக்கியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அத்தை ஏறிப் பார்த்தாள். என்னைப் பானெட்டுக்கு முன்னால் நிற்கச் சொன்னாள்.

"இப்ப உக்காரு."

உட்கார்ந்தேன்.

"தெரியல மிஸ்திரி. இன்னும் இறக்கு."

"கம்பெனி லெவல் வந்தாச்சு பாபி. இதுக்குக் கீழ போனா லோடு கம்மியாத்தான் ஏத்தணும். ஓடைத் தண்ணில எறங்க முடியாது, அடி தட்டும்."

"கம்மியா ஏத்துறேன். நான் ரோட்டுலதான் போவேன். இறக்கு."

மிஸ்திரி இன்னொரு பட்டையை எடுத்தார், முன்பக்கத்தை இன்னும் தளர்த்தினார், சக்கரம் எங்கும் உரசுகிறதா என்று தானே படுத்துப் பார்த்தார். அத்தை ஏறினாள். இந்த முறை முக்காலி கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே எம்பில் உள்ளே போய்விட்டாள். நான் முன்னால் போய்க் குந்தினேன். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கிட்டே, இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றி உட்காரச் சொன்னாள்.

"உன் ரெட்டை ஜடை தெரியுது" என்றாள். "போதும், ஏறு."

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார். "மாப்பிள்ளையக் கேட்டாளா இல்லியா?"

நான் முந்திக்கொண்டேன். "கேட்டாச்சுப்பா. மிஸ்திரிதான் கேட்டாரு. மாமா குளிக்கப் போயிருந்தாங்க. அங்க ஒரு அக்கா எடுத்தாங்க. மாமாவ 'ஏங்க, ஏங்க'ன்னு அவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டாங்க."

அம்மா பரிமாறுகிற கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வண்டி எவ்வளவு இறங்கியது, அடி தட்டுமா, எதையும் அவர் கேட்கவில்லை. நல்ல செய்தி சொன்ன எனக்கு ஒரு வார்த்தை பாராட்டும் இல்லை.

மறுநாள் விடியும்போது வாசலில் சத்தம். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலிச் சாக்குகளையும் கயிறுகளையும் வண்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தார். அத்தை, "நீ எதுக்குண்ணே?" என்றாள். "லோடு ஏத்த ஆளு வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் முன்னால், அத்தைக்குப் பக்கத்தில்.

ஈர ரோட்டில் வண்டி கெட்டியாக ஓடியது. பள்ளம் வந்தால் தூக்கிப் போட்டது. அத்தை இரண்டு தலையணைகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எதிரே ரோடு முழுவதும் தெரிந்தது. நாய், கோழி, சைக்கிள், விளையாடுகிற பிள்ளைகள், எல்லாமே தெரிந்தன.

எனக்கு ஒரே ஒரு குறைதான். மாமாவிடம் அத்தை நேரடியாகப் பேசவில்லையே. ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் குளித்துவிட்டு வந்திருப்பார். அதைக் கேட்டும்விட்டேன்.

"மாமா இப்பக் குளிச்சு முடிச்சிருப்பாங்களே அத்தை. திரும்ப ஒரு போன் போடலாமா?"

அத்தை கியரை மாற்றினாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாதும்மா."

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களிலேயே என் அத்தைதான் விதிகளை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பவள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளி திறந்ததும் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.